பிரித்துப் பார்த்த பெருமகன்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குகிறவன் அதற்கு உரிமையாளன் ஆகிறான். அதைக் கழற்றிப் பார்த்து, மறுபடியும் பூட்டி ஓட வைக்கிறவனோ அதற்கு உறவினன் ஆகிவிடுகிறான். அந்த உறவை வாழ்நாள் முழுவதும் தேடிய தமிழர் ஒருவரைப் பற்றியதே இக்கட்டுரை. அவர் கோவை ஜி.டி. நாயுடு.

வரலாறு படிக்கும் நான் அதியமானை விட்டு, திப்புவை விட்டு, பட்டறையில் பெயர் பெற்ற ஒருவரைப் பற்றி எழுத வந்தது ஏன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரணம் என் அண்ணனும், அவர் வாங்கி வந்த ஒரு பழைய காரும்தான்.

கொட்டகையில் கிடந்த கார்

என் அண்ணன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் தந்தையார் மறைந்த ஆண்டு அது. தருமபுரியில் ஒரு மெக்கானிக் பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்து, பிறகு தாமே தொழில் கற்று, பென்னாகரம் சாலையில் சிறிய தகரக் கொட்டகை ஒன்றைப் போட்டார். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது அந்தக் கொட்டகையின் வருமானம்தான். ஆனால் வகுப்புத் தோழர்கள் கேட்டால், அண்ணன் ஏதோ தொழில் செய்கிறார் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவது என் வழக்கமாக இருந்தது. இதை இங்கே எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பாலக்கோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்து மாட்டுக் கொட்டகையில் சோளத்தட்டைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த கார் ஒன்றை அவர் 35,000 ரூபாய்க்கு வாங்கி வந்தார். 1967-ஆம் ஆண்டில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு அது. சென்னையில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961 முதல் இந்த வகைக் கார்களைச் செய்து விற்றது. இரண்டே கதவுகள், 948 சி.சி. எஞ்சின். அந்தப் பணத்தை என் பி.எட். படிப்புக்கென்று நான் மனத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். துருப்பிடித்த தகரத்துக்கு அது போய்விட்டதே என்று ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அவர் எண்ணம் வேறாக இருந்தது. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கையில் காசில்லாத இளைஞர்கள் பழைய போர்டு கார்களை மலிவாக வாங்கி, தேவையற்ற அலங்காரங்களைக் கழற்றி, ஓட்டைகளை அடைத்து, தம் மனத்துக்குப் பிடித்த வண்ணம் பூசி ஓட்டினார்கள். புதிய கார் வாங்க முடியாதவனுக்கு அது ஒரு பெருமை. அண்ணனும் அதையே செய்ய விரும்பினார். ஆனால் அடக்கமாக. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. ஆகவே சேசிஸையும் எஞ்சினையும் உடலமைப்பையும் அப்படியே வைத்து, நிறத்தை மாற்றினால் அதைப் பதிவுச் சான்றில் ஏற்றிக்கொண்டு, அறுபதுகளின் சாயல் கெடாமல் அழகு செய்ய வேண்டும். முடிந்தபின் பட்டறை வாசலில் நிறுத்தினால், அதைப் பார்க்கிறவர் இந்தக் கையை நம்புவார் என்பது அவர் கணக்கு. கார் விலையையும் சேர்த்து 1,30,000 ரூபாய்க்கு மேல் ஒரு காசும் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

கோடை விடுமுறையில் வேறு வழியின்றி நானும் அவருக்குத் துணையானேன். அப்போதுதான் நூலகத்தில் ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கை வரலாறு என் கைக்கு வந்தது. பகலில் படித்ததை மாலையில் அண்ணனுக்குச் சொல்வேன். அவர் உப்புத்தாளைத் தேய்த்துக்கொண்டே கேட்பார். அப்படிச் சொன்ன கதையைத்தான் இங்கே சுருக்கித் தருகிறேன்.

பிறப்பும் இளமையும்

கோயம்புத்தூருக்கு அருகே உள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் கோபால்சாமி துரைசாமி நாயுடு பிறந்தார். தந்தையார் விவசாயி. இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆரம்ப வகுப்புகளைத் தாண்டிப் படிக்கவும் இல்லை. ஆசிரியர்மீது மண்ணை வாரி இறைத்தார் என்று கூட அவரைப் பற்றிக் கதை உண்டு. வீட்டார் தோட்ட வேலைக்கு அனுப்பினார்கள். ஆனால் தமக்கு வேண்டியதைத் தாமே தேடிப் படிக்கும் பழக்கம் மட்டும் அவரைவிட்டு நீங்கவில்லை.

அந்நாளில் வருவாய்த்துறை வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அவ்வூர்ப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். இங்கிலாந்தில் செய்த ரட்ஜ் என்னும் வண்டி அது. மாடும் இல்லை, குதிரையும் இல்லை, தானே ஓடுகிறது! ஊரார் அதிசயித்துவிட்டுத் தத்தம் வேலைக்குத் திரும்பினார்கள். இந்த இளைஞரோ திரும்பவில்லை. அந்த வண்டி எனக்கு வேண்டும் என்று மனத்தில் வரித்துக்கொண்டார்.

கையில் பணம் இல்லை. கோயம்புத்தூருக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறுகிற வேலையில் சேர்ந்தார். ஒன்றல்ல, இரண்டல்ல, மூன்று ஆண்டுகள் இலை போட்டுச் சோறு பரிமாறிச் சிறுகச் சிறுகச் சேர்த்த சில நூறு ரூபாயைக் கொடுத்து அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊரைச் சுற்றினாரா? இல்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் போட்டு, எது எதனோடு சேர்ந்து என்ன செய்கிறது என்று பார்த்து, மறுபடியும் பூட்டினார். கற்றுக் கொடுக்க ஆசிரியர் இல்லை. அந்த வண்டிதான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

இந்த இடத்தைச் சொன்னபோது அண்ணன் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டார். அந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை நாள் அவருக்குக் கை சோர்ந்திருக்கும் என்று மட்டும் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

நாங்களும் எங்கள் காரைப் பிரித்தோம். ஹெரால்டின் அமைப்பு ஏழைக்கு ஏற்றது. அதன் உடல் தனிச் சேசிஸின்மேல் துண்டு துண்டாகப் போல்ட்டு போட்டுப் பூட்டப்பட்டது. பானெட்டும் இருபுற மட்கார்டும் ஒன்றாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும்; எஞ்சினைச் சுற்றி நின்று வேலை செய்யலாம். கழற்றிய நட்டு போல்ட்டுகளைப் பழைய பெயின்ட் டப்பாக்களில் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டுவது என் வேலை. நாற்பத்தோரு டப்பாக்கள் சேர்ந்தன.

வீழ்ச்சியும் எழுச்சியும்

பிறகு நாயுடு திருப்பூருக்குச் சென்று பஞ்சுத் தொழிலில் இறங்கினார். முதல் உலகப் போர்க் காலம் அது; நல்ல பணம் சேர்ந்தது. அந்தப் பணத்தோடு பம்பாய்க்குச் சென்றார். அங்கிருந்த பெரும் பஞ்சு வியாபாரிகளின் முன் இவருடைய முதல் நிற்கவில்லை. சேர்த்ததையெல்லாம் இழந்து திரும்பினார். வெற்றி பெற்றவர்களின் வரலாற்றில் இப்பகுதியை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். ஆயினும் ஒரு மனிதர் எப்படிப்பட்டவர் என்பதை இப்படித் தோற்றுத் திரும்பிய மறுநாள்தானே காட்டும்?

திரும்பியவர் மறுபடியும் வண்டியிடமே வந்தார். கோவையில் தொழில் நடத்திய ஆங்கிலேயர் இராபர்ட் ஸ்டேன்ஸ் அவருக்கு உதவினார். 1920-ஆம் ஆண்டு ஒரே ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். பழுதானால் தாமே இறங்கிப் பார்த்தார். அந்த ஒரு வண்டியிலிருந்து யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ், அதாவது யு.எம்.எஸ். என்னும் நிறுவனம் வளர்ந்தது. 1933-இல் அதனிடம் 280 பேருந்துகள் இருந்தன. பதின்மூன்று ஆண்டுகளில் ஒன்று இருநூற்று எண்பது ஆயிற்று! நாட்டிலேயே ஒழுங்காக நடந்த போக்குவரத்து நிறுவனங்களுள் ஒன்றாக அது மதிக்கப்பட்டது.

பட்டறையிலிருந்து பிறந்த பொருள்கள்

பேருந்துகளைப் பழுது பார்க்க வைத்த பட்டறைகளே பின்னர்ப் புதுப்பொருள் செய்யும் இடங்களாயின. 1937-இல் டி. பாலசுந்தரத்தின் துணையோடு கோவையில் உருவான மின்மோட்டார், இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுகிறது. நம்மைப் போன்ற வறண்ட மாவட்டத்தார் இதை மறக்கலாகாது. ஏற்றம் இறைத்த நம் கிணறுகளில் பிற்காலத்தில் இறங்கிய மோட்டார்களில் எத்தனையோ கோவையிலிருந்து வந்தவைதாம்.

சிறிய மோட்டாரும் உலர் மின்கலமும் வைத்துச் சவரம் செய்யும் ரேசண்ட் என்னும் கருவி, மிக மெல்லிய சவரத்தகடு, பழச்சாறு பிழியும் இயந்திரம், மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, ஏமாற்ற முடியாத வாக்குப் பதிவு இயந்திரம் என்று அவர் கை வைத்தவை பல. தோட்டத்தையும் விடவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் பருத்திச் செடியை வளர்த்துக் காட்டினார். படக்கருவியும் அவர் கையில் இருந்தது. 1936-இல் இலண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தார். சர் சி.வி. இராமன் போன்ற அறிஞர் பெருமக்கள் அவரை மனமாரப் பாராட்டினார்கள்.

இவற்றையெல்லாம் அடுக்கிச் சொல்வது எளிது. ஆனால் இவற்றுள் ஊடாடும் ஓர் இழையை நாம் கவனிக்க வேண்டும். அதுதான் விலை. ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-இல் அவர் அறிவித்தார். ஒரு வீட்டைக் கடைக்கால் முதல் முடிவு வரை சில மணி நேரத்தில் கட்டிக் காட்டினார். செய்ய முடியுமா என்று கேட்பதோடு அவர் நிற்கவில்லை. இல்லாதவனும் வாங்கும் விலைக்குச் செய்ய முடியுமா என்று கேட்டார். மூன்று ஆண்டு சோறு பரிமாறி வண்டி வாங்கியவருக்கு அந்தக் கேள்வி எழாமல் இருக்குமா?

ஓடாமற்போன கார்

1952-ஆம் ஆண்டு, இருவர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலைக்குத் தர முன்வந்தார். பிரான்சில் 1948-இல் சித்ரோவன் நிறுவனம் உழவர்களுக்கென்று ஒரு மலிவுக் காரை வெளியிட்டிருந்தது. ஜெர்மனியில் வோக்ஸ்வேகன் ஓடத் தொடங்கியிருந்தது. அந்த வரிசையில் வைத்து எண்ண வேண்டிய முயற்சி இது. ஆனால் அக்கார் தொழிற்சாலையிலிருந்து வரிசையாக வெளிவரவில்லை. அரசு உரிமம் தரவில்லை.

வரலாற்று மாணவன் என்ற முறையில் இங்கே சற்று நிற்க விரும்புகிறேன். 1951-ஆம் ஆண்டுத் தொழில்கள் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. எந்தப் பெருந்தொழில், எங்கே, எவ்வளவு என்பதை அரசே வகுக்கும் காலம் அது. அந்நியச் செலாவணி குறைவு, இரும்பும் குறைவு. இருக்கிற சிலவற்றைச் சில நிறுவனங்களுக்கு மட்டும் பங்கிட்டால்தான் தொழில் வேரூன்றும் என்று திட்டமிட்டவர்கள் எண்ணினார்கள். அதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு மாதிரி காரைச் செய்வதற்கும் ஆயிரக்கணக்கில் செய்வதற்கும் உள்ள தூரமும் பெரிதுதான். ஆனால், செய்து பார்க்கட்டும் என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை அந்த நியாயம் அடக்கவில்லை. நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டிய மாருதி 800 வந்தது 1983-ஆம் ஆண்டு டிசம்பரில். ஒரு இலட்ச ரூபாய்க் கார் என்று டாட்டா நானோ அறிவிக்கப்பட்டது 2008-இல். அதுவும் பத்தாண்டில் நின்றுபோயிற்று. கோவைக்காரர் அந்தக் கணக்கைப் போட்டது 1952-இல்.

இதில் இன்னொன்றும் உண்டு. அக்காலத்தில் கார் செய்ய உரிமம் பெற்று நிலைத்தவை மூன்றே நிறுவனங்கள். கல்கத்தாவை அடுத்த இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு. எங்கள் கொட்டகையில் நின்ற ஹெரால்டு அந்த மூன்றில் ஒன்றன் பிள்ளை. உரிமம் பெற்ற கார் எங்கள் கையில் இருந்தது. உரிமம் பெறாத காரின் கதை என் வாயில் இருந்தது. அன்று மாலை அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, அவர் அந்தக் காரோடு நிறுத்திக்கொண்டாரா, இல்லை மேலே எதையாவது செய்தாரா என்று கேட்டார்.

என் பிழையும் அதன் விலையும்

அதற்கு விடை சொல்வதற்குள் என் பிழை ஒன்று வந்து குறுக்கிட்டது. எஞ்சினைப் பூட்டுகையில் கனெக்டிங் ராடுகளின் மூடிகளை மாட்டும் வேலையை அண்ணன் என்னிடம் விட்டிருந்தார். எது எதற்கு உரியது என்று ஒவ்வொன்றிலும் புள்ளி அடித்து வைத்திருந்தார். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருக்கவே, நான் புள்ளியைப் பாராமல் இரண்டை மாற்றி மாட்டிவிட்டேன். எஞ்சின் பத்து நிமிடம் ஓடியது. எங்கள் தாயார் வாசலுக்கு வந்து பார்த்து மகிழ்ந்தார். அடுத்த நிமிடம் எஞ்சின் இறுகி நின்றது. கிராங்க் தண்டில் கீறல்கள். சேலத்துக்குக் கொண்டுபோய்க் கிரைண்டிங் செய்து, புதிய பேரிங் போட 9,000 ரூபாய் செலவாயிற்று.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. தம்முடைய நாற்பத்தோரு டப்பாக்களையும் மறுபடி எடுத்து வைத்து, முதல் போல்ட்டிலிருந்து கழற்றத் தொடங்கினார். பம்பாயிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவரைப் பற்றி நான் அவருக்கு வாயால் சொன்னேன். அவர் எனக்குக் கையால் காட்டினார். படித்தவன் என்ற என் கர்வம் அன்றோடு போயிற்று.

கல்வி பற்றிய கருத்து

இனி அண்ணன் கேட்ட கேள்விக்கு வருவோம். 1944-இல் நாயுடு போக்குவரத்துத் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகி, அறப்பணிகளில் மனத்தைச் செலுத்தினார். அவருடைய நன்கொடையாலும் முயற்சியாலும் 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் பாலிடெக்னிக்கும் பொறியியற் கல்லூரியும் தோன்றின. ஆரம்பப் பள்ளியைத் தாண்டாதவர் அக்கல்லூரிக்கே முதல்வராக இருந்தார். பொறியியலுக்கு நான்கு ஆண்டுகள் வேண்டாம், கையோடு கற்றால் இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவர் கொள்கை. அன்றைய ஆங்கில அரசு அதை ஏற்கவில்லை. அவர் பதவியைத் துறந்தார். அக்கல்லூரியே பிற்காலத்தில் கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்தது. கார் உரிமம் மறுக்கப்பட்ட பின்னும் அவர் ஓயவில்லை. பொறிகளையும் கருவிகளையும் பொதுமக்கள் தொட்டும் இயக்கியும் அறியும்படி கோவையில் தொழிற் கண்காட்சி அமைத்தார்.

இரண்டு ஆண்டுகள் போதுமா என்பதில் நம் பேராசிரியர்கள் அவரோடு உடன்படமாட்டார்கள். நானும் முழுதும் உடன்படவில்லை. அளவும் கணக்கும் தெரியாமல் கை மட்டும் எவ்வளவு தூரம் போகும்? ஆயினும் புள்ளியைப் பாராமல் மூடியை மாட்டிய பட்டதாரி மாணவன் ஒருவன், அவர் சொன்னதை முழுதும் தள்ளிவிடவும் முடியாது.

1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள், தம் எண்பதாம் வயதில் அவர் மறைந்தார். கோவை அவினாசி சாலையில் அவர் பெயரால் காட்சியகம் இருக்கிறது. கார்களுக்கென்றே தனி அருங்காட்சியகம் ஒன்றும் 2015-இல் திறக்கப்பட்டது. அதே சாலையின்மேல் 2025 அக்டோபரில் திறந்த பத்துக் கிலோமீட்டர் நீளமான மேம்பாலத்துக்கும் அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். ஒரு பேருந்தோடு தொடங்கியவரின் பெயரின்மீது இன்று ஆயிரமாயிரம் வண்டிகள் ஓடுகின்றன.

முடிவுரை

எங்கள் கார் சென்ற தை மாதம் முடிந்தது. கீழே பச்சை, மேலே பாலேட்டு நிறம். காணாமற்போன எழுத்துகளின் ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டதால் முகம் துடைத்தாற்போல் இருக்கிறது. இருக்கைக்கு ஆட்டோ சீட் தைப்பவர் ரெக்சின் தைத்துக் கொடுத்தார். மொத்தச் செலவு 1,39,000 ரூபாய். கூடிய 9,000 என் பிழையின் விலை. அதை மாலை நேரங்களில் பட்டறையில் வேலை செய்து கழித்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் நிற்கும் காரைப் பார்த்து இதுவரை மூன்று பேர் தங்கள் பழைய வண்டிகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். பி.எட். கட்டணத்துக்கும் வழி பிறக்கும் என்று அண்ணன் சொல்கிறார்.

முதல் ஓட்டமாக அதியமான்கோட்டை வரை போய் வந்தோம். தொப்பூர்க் கணவாயில் இறங்கி ஏற அண்ணன் இன்னும் ஒப்பவில்லை. எஞ்சின் பழகட்டும் என்கிறார். பழகியபின் ஒரு நாள் அந்தக் கணவாயைக் கடந்து, சேலம் வழியாகக் கோவைக்குப் போய், ஜி.டி. நாயுடுவின் காட்சியகத்து வாசலில் எங்கள் ஹெரால்டை நிறுத்த வேண்டும் என்பது எங்கள் ஆசை.

நண்பர்களே, நம் கல்லூரிக்கு வருகிறவர்களில் பலருடைய வீட்டிலும் ஒரு பட்டறையோ, ஒரு தறியோ, ஓர் ஏரோ இருக்கத்தான் செய்கிறது. அதை மறைத்துப் பேச வேண்டிய தேவை நமக்கு இல்லை. இப்போது என்னை யாரேனும் கேட்டால் என் அண்ணன் மெக்கானிக் என்றே சொல்கிறேன். அப்படிச் சொல்ல எனக்குக் கற்றுத் தந்தவர், இலை போட்டுச் சோறு பரிமாறி ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பார்த்த அந்தப் பெருமகன். வாழ்க அவர் புகழ்!